தூசிக்குப் பயந்த திருடன்

4

திருடன் விமானத்தை எடுத்துப் போயிருந்தான். போகிற போக்கில், அதன்மேல் தூசி படாமல் கவிழ்த்து வைக்கும் பிளாஸ்டிக் மூடியையும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தான்.

"நல்ல வளர்ப்பு," என்றான் சோடா. "பாத்திரத்தைத் திருடறவனைப் பார்த்திருக்கேன். மூடி போட்டுத் திருடறவனை இப்பத்தான் பார்க்கறேன்."

சோடாவுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் அவன் போட்டிருந்த கண்ணாடியின் தடிமன். பன்னிரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு, இப்போது சர்வேயரம்மாவுக்கு உதவியாளனாக இருக்கிறான். சர்வேயரம்மா இருபத்தெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கிடங்கு, உடைந்த கால், தொலைந்த நகை எல்லாவற்றையும் போய்ப் பார்த்து, எது நிஜமாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி ஓய்வு பெறவில்லை. பிறர் வீட்டுக் காணாமற்போன பொருள்களைத் தேடிக் கொடுக்கிறார்.

பத்தடிக்கு எட்டடி மாடி அறை. மேஜைமேல் உப்புத்தாள் துண்டுகள் சொரசொரப்பின் வரிசைப்படி கிளிப்பில் தொங்கின. ஒரு கண்ணாடி டம்ளரில் பல் டாக்டர்கள் வாய்க்குள் விடும் கொக்கிகளும் சுரண்டிகளும் நின்றன. எல்லாவற்றின்மேலும் பால்பவுடர் போல ரெசின் தூசி. மேஜை நடுவில் மட்டும் தூசியே இல்லாத ஒரு நீளச் சதுரம். மூடி கவிழ்ந்திருந்த இடம்.

"தரையைப் பார்த்தியா?" என்றார் சர்வேயரம்மா.

"பார்த்தேன். சுத்தமா இருக்கு."

"அந்த விமானத்துல தலைமுடி கனத்துக்கு ஏரியல் கம்பி இழுத்து ஒட்டியிருந்தாராம். தெரியாத ஆள் தூக்கியிருந்தா ஒரு கம்பியாவது இங்க விழுந்திருக்கணும்."

வாசலில் நின்றிருந்த தையல் டீச்சர் தொண்டையைச் செருமினாள். வீட்டுக்காரி அவள்தான். கழுத்தில் அளவு நாடா, முந்தானையில் நாலு குண்டூசி.

"நீங்க வந்தது அவருக்குப் பிடிக்கல," என்றாள். "அவர் உங்களைக் கூப்பிடல. நான்தான் கூப்பிட்டேன். என் நாத்தனார் காலையில ஏழு மணியிலிருந்து ஹால்ல உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, அண்ணிதான் எடுத்து ஒளிச்சுட்டான்னு சொல்லிட்டிருக்கா. அவரோட கிளப்பு முழுக்கத் தெரிஞ்சாச்சு. என்கிட்டத் தைக்கக் கத்துக்க வர்ற பன்னிரண்டு பேர்ல மூணு பேர் இன்னைக்கு வரல. திருடி வீட்டுல ஊசி பிடிக்க யாருக்கு மனசு வரும்?"

"எடுத்தீங்களா?" என்று கேட்டார் சர்வேயரம்மா, மணி என்ன என்று கேட்கிற தொனியில்.

"எடுக்கணும்னு நினைச்சிருக்கேன். நினைச்சதுக்கெல்லாம் தண்டனைன்னா கல்யாணமான பொம்பளை ஒருத்தியும் வெளியில நடமாட முடியாது."

சோடாவுக்கு அவளை உடனே பிடித்துப்போனது.

விஷயம் இதுதான். அவள் கணவர் பல் டாக்டர். கீழே சொந்த கிளினிக்கை மூடி இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இந்த அறையே கதி. கடைசிப் பதினெட்டு மாதமாக ஒரே வேலை: போர்க்காலத்தில் கடல்மேல் ரோந்து சுற்றிய ஒரு பறக்கும் படகின் சிறிய உருவம். மேலே இறக்கை, கீழே படகின் வயிறு. தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்பும் ஜாதி. ரெசினில் வார்த்த நூற்று நாற்பது துண்டுகளைத் தேய்த்து, ஒட்டி, இடுக்குகளில் பட்டி பூசி, மறுபடி தேய்த்து, வர்ணம் அடித்து, நேற்றுதான் முடித்தார். இன்று மாலை நாலு மணிக்குக் கிளப்பில் போட்டி. இப்போது மணி பதினொன்றரை.

தையல் டீச்சருக்கு வேண்டியது இந்த அறை. அவள் மாணவிகள் ஹாலிலும் மாடிப்படியிலும் உட்கார்ந்து தைக்கிறார்கள். மழை நாளில் கடைசி மூன்று பேர் குடை பிடித்துக்கொண்டு காஜா எடுக்கிறார்கள். சண்டை முற்றி, போன மாதம் இருவரும் ஒரு பந்தயம் கட்டினார்கள். விமானம் பரிசு வாங்கினால் அறை அவருக்கு. வாங்காவிட்டால் அவளுக்கு.

"அதனால விமானம் காணாமப் போனா லாபம் எனக்குத்தான்னு ஊரே கணக்குப் போட்டாச்சு," என்றாள்.

"எழுதி வச்சீங்களா?"

"அவர்தான் மருந்துச் சீட்டுல எழுதிக் கொடுத்தார். நானும் கையெழுத்துப் போட்டேன்."

"படிச்சீங்களா?"

"டாக்டர் கையெழுத்தை யார் படிக்க முடியும்? மருந்துக்கடைக்காரர் பக்கத்துல இல்லையே."

அவள் அதைத் தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து எடுத்து வந்தாள். மண்புழு மையில் விழுந்து எழுந்து ஓடியதுபோல் நாலு வரி. சர்வேயரம்மா வாசித்தார். டாக்டர்கள் எழுதிய சீட்டுகளை இருபத்தெட்டு வருடம் படித்த கண். ஒருமுறை படித்து, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பல் டாக்டர் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். ஒல்லியான மனிதர், சாம்பல் கோடு போட்ட சட்டை. பதினெட்டு மாத உழைப்பைப் பறிகொடுத்தவர் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"துக்கத்துல பசி எடுக்கும் சார்," என்றான் சோடா ஆதரவாக. "எங்க மாமா செத்தப்போ எங்க அத்தையே மூணு வேளையும் சாப்பிட்டாங்க."

டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தங்கை போனை மடியில் கவிழ்த்தாள். "எங்க அண்ணன் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசல. பேசவேண்டியவங்க பேசினா நல்லாருக்கும்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"யார்மேல சந்தேகம் சார்?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

"யார்மேலயும் இல்ல. போனது போகட்டும். போலீசெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"போட்டோ இருக்கா?"

அதற்கு மட்டும் டாக்டரின் முகம் மலர்ந்தது. போனைத் திறந்து காட்டினார். வயிற்றின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன் எடுத்த படம். உள்ளே விரல்நகம் அளவு அடுப்படி, கெட்டில், ஆட்கள் மாற்றி மாற்றித் தூங்க நாலு படுக்கை.

"ஒட்டின பிறகு இதெல்லாம் வெளிய தெரியுமா?" என்றான் சோடா.

"சின்ன ஜன்னல் வழியா, டார்ச் அடிச்சா, கொஞ்சம் தெரியும்."

"தெரியாத இடத்துக்கு இவ்வளவு வேலையா?"

"கடைவாய்ப்பல் வெளிய தெரியுதா? அதுக்காகச் சும்மா விட்டுடறோமா?"

சர்வேயரம்மா படத்தைப் பெரிதாக்கினார். படுக்கைகளின்மேல் சாம்பல் கோடு போட்ட துணியில் குட்டி மெத்தைகள். ஓரம் மடித்து, கண்ணுக்குத் தெரியாத தையல். பிறகு டாக்டரின் சட்டையைப் பார்த்தார். அதே துணி. இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு மாதிரி மினுங்கியது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூலால் யாரோ மூட்டை கட்டுவதுபோல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"பொத்தான் நீங்களே தைச்சதா சார்?"

"ஆமா. ஒரு மாசமா நாங்க பேசிக்கறதில்ல."

"மெத்தையும் நீங்களே தைச்சதா?"

டாக்டர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். "ஆமா," என்றார்.

சர்வேயரம்மா எழுந்து சோடாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு கேளு. 'மேற்படி விமானம் இவ்வருடப் போட்டியில் கலந்துகொண்டு, பரிசு பெறாமல் திரும்பினால், அறை தையல் வகுப்புக்கு விடப்படும்.'"

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "கலந்துக்கவே இல்லன்னா?"

"அதை நீ சொல்லு."

"பஸ்ல ஏறாதவன்கிட்ட டிக்கெட் கேட்க முடியாது." சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "அப்போ விமானம் திருட்டுப் போனா டீச்சருக்கு அறை கிடைக்காது. டாக்டருக்குத்தான் அறை நிலைக்கும்."

"அதோட திருடன் தூசிக்குப் பயந்தவன். ஏரியல் கம்பி அறுந்துடக்கூடாதுன்னு தூக்கத் தெரிஞ்சவன். ஆனா ஒண்ணு புரியல. பரிசு வாங்கற மாதிரி செஞ்சவர் ஏன் போட்டிக்குப் பயப்படணும்?"

"கூப்பிட்டுக் கேட்டுடலாமா?"

"கேட்டா இன்னொரு வாய் தண்ணி குடிப்பார். முதல்ல விமானம் எங்கன்னு அவரே காட்டட்டும். உனக்குக் குதிக்கத் தெரியுமா?"

"ஓடற பஸ்ல குதிச்சு ஏறி இறங்கினவன்கிட்டக் கேட்கற கேள்வியா மேடம் இது?"

அடுத்த பத்து நிமிடம் அந்த வீடு கண்டது புதுமையான விசாரணை. தரை ஓட்டுக்கு அடியில் பொந்து இருக்கலாம், சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று சர்வேயரம்மா முகத்தில் சிரிப்பில்லாமல் அறிவித்தார். சோடா செருப்பைக் கழற்றிவிட்டு மாடி அறையில் மூன்று முறை குதித்தான். டம்ளரில் இருந்த கொக்கிகள் கிலுங்கின. டாக்டர் பேசாமல் நின்றார். படுக்கையறையில் குதித்தான். டாக்டர் கொட்டாவி விட்டார். சமையலறையில் குதித்தபோது ஒரு தட்டு விழுந்தது. டாக்டர் அதை எடுத்து வைத்தார்.

"எடை போடற மிஷின் மாதிரி நிக்கறார்," என்று சோடா முணுமுணுத்தான். "காசு போட்டாத்தான் பேசுவார் போல."

ஹாலில், தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கம் போய்க் கையைத் தூக்கினான்.

"அங்க வேண்டாம்," என்றார் டாக்டர்.

சோடா தூக்கிய கையை இறக்கவில்லை. "ஏன் சார்?"

"கீழ காரை உதிரும்."

"கீழ யார் இருக்காங்க?"

"கீழ நம்ம கிளினிக் இல்ல?" என்றாள் தையல் டீச்சர். "பூட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. சாவியைக்கூடத் தொலைச்சுட்டேன்னு சொன்னீங்க. அங்க காரை உதிர்ந்தா உங்களுக்கு என்ன?"

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துவிட்டுப் போனது. டாக்டர் மெதுவாகச் சட்டைப் பைக்குள் கைவிட்டுத் தொலைந்துபோன சாவியை எடுத்தார்.

கிளினிக்கில் பல் நாற்காலி மல்லாந்து கிடந்தது. மேலே வெள்ளைத் துணி. டாக்டர் துணியை விலக்கினார். அதற்குள் பிளாஸ்டிக் மூடி. மூடிக்குள், தலை வைக்கும் இடத்தில் மூக்கும் கால் நீட்டும் பக்கம் வாலுமாக, ஒன்றரை அடி இறக்கையை விரித்துக்கொண்டு படுத்திருந்தது சாம்பலும் வெள்ளையுமான பறக்கும் படகு.

"பேஷன்ட் வாயைத் திறக்கல," என்றான் சோடா.

தையல் டீச்சர் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க தங்கச்சி ஊரெல்லாம் என்னைத் திருடின்னு சொல்றா. நீங்க உட்கார்ந்து ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கறீங்க."

"சாயங்காலம் சொல்லிடலாம்னு இருந்தேன்."

"போட்டி முடிஞ்சப்புறம்."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மாடிப்படி வாசலில் வந்து நின்ற அவர் தங்கையின் கையில் போன் அடித்தது. அவள் அதை எடுக்கவில்லை.

சர்வேயரம்மா மூடியை அகற்றினார். "தூக்கிப் பார்க்கலாமா?"

"சாய்க்காதீங்க," என்றார் டாக்டர்.

சர்வேயரம்மா சாய்த்தார். வயிற்றுக்குள் எங்கோ குடுகுடுவென்று ஒன்று உருண்டு, முட்டி நின்றது. இந்தப் பக்கம் சாய்த்தார். திரும்ப உருண்டது.

டாக்டர் நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "காலையில பெட்டியில வைக்கும்போதுதான் கேட்டேன். உள்ள ஏதோ கழண்டிருக்கு. வயித்தை ஒட்டி மூணு வாரம் ஆச்சு. திறக்கணும்னா உடைக்கணும். எங்க நடுவர் ஒவ்வொரு மாடலையும் கவிழ்த்துக் காதுல வச்சுக் கேட்பார். சத்தம் வந்தா வாய்விட்டுச் சிரிப்பார். போன வருஷம் ஒருத்தருக்குக் கிலுகிலுப்பைன்னு பேரே வச்சுட்டாங்க."

"கழண்டது என்னவா இருக்கும்?"

"அதுதான் தெரியல. நான் ஒட்டின எதுவும் கழலாது."

"சரி. நீங்க ஒட்டாதது?"

டாக்டர் சட்டைப் பொத்தானைத் தடவினார். சர்வேயரம்மா சொன்னார்: "பொத்தானை மெழுகு நூலால கட்டற கை அந்த மெத்தைக்கு ஓரம் மடிச்சிருக்க முடியாது சார். உங்க சட்டை வெட்டின மிச்சத் துணி யார்கிட்ட இருக்கும்?"

தையல் டீச்சர் அளவு நாடாவை விரலில் சுற்றத் தொடங்கினாள். "ரெண்டு மிஷின் போட இடம் பத்துமான்னு அளக்கத்தான் உள்ள போனேன். இவர் வார்னிஷ் வாங்கப் போயிருந்தார். அது ரெண்டா பிளந்து மேஜையில கிடந்தது. உள்ள படுக்கைன்னு பட்டியைத் தட்டி வச்சிருந்தார். சப்பாத்திப் பலகை மாதிரி. பாவம், ராத்திரியெல்லாம் ரோந்து சுத்தற பசங்க அதுலயா படுப்பாங்க?" அவள் கணவரிடம் திரும்பினாள். "பார்த்துட்டு எடுத்து எறிஞ்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"பார்த்தேன்," என்றார் டாக்டர். "என்னோடதைவிட நல்லா இருந்தது. ஒண்ணும் சொல்லாம ஒட்டிட்டேன்."

"சரி, மெத்தை உருளாது," என்றான் சோடா. "உருள்றது எது?"

தையல் டீச்சரின் விரல் நின்றது.

"விளக்கு," என்றாள்.

"என்ன விளக்கு?"

"படுக்கைக்கு மேல விளக்கு இல்லையேன்னு ஒரு மஞ்சள் பாசிமணியைக் கூரையோட உள்பக்கம் ஒட்டினேன். ஜாக்கெட்டுக்கு ஒட்டற பசையால."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "துணிப் பசை ரெசின்ல நிக்காது."

"அது எனக்கு எப்படித் தெரியும்? கேட்டா சொல்ற ஆளா நீங்க?"

சோடா சர்வேயரம்மாவின் பக்கம் சாய்ந்தான். "வந்தது ஒரு திருட்டுக்கு. இங்க ஆளுக்கொண்ணு வச்சிருக்காங்க."

மணி ஒன்று ஆகியிருந்தது. சர்வேயரம்மா பறக்கும் படகைத் திரும்பப் பல் நாற்காலியில் வைத்தார். மேலே தொங்கிய விளக்கை இழுத்து அதன் வயிற்றுக்கு நேராக நிறுத்தினார்.

"டாக்டர், ஒருத்தர் இப்படி வந்து படுக்கறார். உள்ள ஒரு கோளாறு, வெளிய தெரியல. என்ன செய்வீங்க? தாடையை உடைச்சுத் திறப்பீங்களா?"

டாக்டர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த ஸ்விட்சைத் தட்டினார். இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்த மோட்டார் இருமி, உறுமி, ஓடத் தொடங்கியது.

அடிவயிற்றில், தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒரு கோட்டின்மேல் துளை போட்டார். ரெசின் தூள் பறக்காமல் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டாள் தையல் டீச்சர். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. துளைக்கு நேரே மணி வருகிற வரை அவர் விமானத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சாய்த்தார். மஞ்சள் பாசிமணி ஒன்று வெளியே வந்து, எஃகுத் தட்டில் விழுந்து, இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"அடைச்சுடலாம்," என்றார் சர்வேயரம்மா.

"இருங்க," என்றார் டாக்டர். மணியை இடுக்கியால் எடுத்தார். "விளக்கு இல்லாம பசங்க என்ன செய்வாங்க?"

கொக்கி முனையில் மணியை ஏந்தி, பல்லடைக்கும் பசையைத் தொட்டு, துளை வழியாக நேரே மேலே விட்டுக் கூரையில் அழுத்திப் பிடித்தார். அந்தப் பசை நீல வெளிச்சத்தில்தான் இறுகும். தையல் டீச்சர் அந்த நீல விளக்கை விமானத்தின் ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு இருபது வரை எண்ணினாள். ஒரு மாதத்தில் அவள் அவர் பக்கத்தில் நின்று சண்டையில்லாமல் சொன்ன முதல் இருபது வார்த்தைகள். பிறகு துளையையும் அதே பசையால் அடைத்து, தேய்த்து, வர்ணம் தொட்டார். எங்கே துளைத்தார் என்பது அவருக்கே தெரியவில்லை.

சோடா கிளினிக்கைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தான். "ஒரு சந்தேகம் சார். நல்ல விளக்கு இருக்கு. மோட்டார் இருக்கு. தூசி உறிஞ்சக் குழாய் இருக்கு. கை கழுவக் குழாய் இருக்கு. இதைப் பூட்டிப் போட்டுட்டு மேல அந்தப் பொந்துக்கா ரெண்டு பேரும் ஒரு மாசமா அடிச்சுக்கறீங்க?"

கணவனும் மனைவியும் முதல்முறை பார்ப்பவர்கள்போல் அந்த அறையைப் பார்த்தார்கள்.

"பூட்டினப்புறம் உள்ள வர மனசில்ல," என்றார் டாக்டர் கடைசியில். "பேஷன்ட் இல்லாத நாற்காலியைப் பார்க்கப் பிடிக்கல."

"இப்ப ஒருத்தர் படுத்திருக்காரே."

நாலரை மணிக்குக் கிளப் ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். காலையில் நாத்தனாரிடமிருந்து போன் வந்தவர்கள் எல்லாரும். தையல் டீச்சர் உள்ளே வந்ததும் பேச்சு அமுங்கியது. வெள்ளைக் கையுறை போட்ட நடுவர் பறக்கும் படகைக் கவிழ்த்துக் காதோரம் வைத்து ஆட்டினார். இன்னொரு காதில் வைத்து ஆட்டினார். சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் காத்திருந்து களைத்தார்கள். பிறகு அவர் டார்ச்சை எடுத்து ஜன்னலில் அடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"காணாமப் போச்சுன்னு சொன்னாங்களே டாக்டர்?"

"காணாமப் போகல. நான்தான் ஒளிச்சு வச்சேன்," என்றார் டாக்டர், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "உள்ள ஒரு சத்தம். வெட்கப்பட்டு ஒளிச்சேன்."

"உள்ள விளக்கு எரியற மாதிரி இருக்கே. அது எப்படி?"

"அது எங்க வீட்டம்மா வச்சது. மெத்தையும் அவங்கதான். கிட்டப் போய்ப் பாருங்க, ஓரம் மடிச்சிருக்காங்க."

நாற்பது பேரும் வரிசையாகக் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, ஜன்னலுக்குள் பார்த்தார்கள். வரிசையில் கடைசியாக நாத்தனார் நின்றாள். பார்த்து முடித்து நிமிர்ந்தவள் அண்ணியின் பக்கத்தில் போய், எங்கோ பார்த்துக்கொண்டு, "ஜாக்கெட்டுக்கு எப்ப அளவு கொடுக்கலாம் அண்ணி?" என்றாள். அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

"அந்தப் போன்ல இருக்கறவங்க எல்லாருக்கும் திரும்பப் போட்டு முடி. அப்புறம் வா," என்றாள் தையல் டீச்சர்.

பறக்கும் படகுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. பந்தயப்படி அறை டாக்டருக்கு. அவர் சட்டைப் பையிலிருந்து வெற்று மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து, நின்றபடியே புதிதாக நாலு வரி எழுதி, மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சர்வேயரம்மாவிடம் கொடுத்தாள்.

சர்வேயரம்மா படித்தார். "மாடி அறை தையல் வகுப்புக்கு. கீழே கிளினிக் விமானத்துக்கு. திங்கட்கிழமை முதல்."

"வேற ஒண்ணும் இல்லையே? கலந்துக்கிட்டா, திரும்பினா, அப்படி ஏதாவது?"

"இன்னொரு வரி இருக்கு. பொத்தான் தைக்கணுமாம்."

தையல் டீச்சர் முந்தானையில் செருகியிருந்த குண்டூசிகளுக்கு நடுவே ஊசியைத் தேடினாள்.